சாட்ஸ்வொர்த்–உம்ஷ்லாங்கா: இரண்டு மணி நேரம் எங்கே கழிகிறது?

காலை 8 மணிக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே உள்ள உம்ஷ்லாங்காவின் கேட்வே மாலில் வேலைக்கு நிற்க வேண்டியவர், டர்பனின் தெற்கே சாட்ஸ்வொர்த் ஆரீனா பார்க்கில் குடியிருக்கிறார் என்று வையுங்கள். கார் இல்லையென்றால் அவர் 6 மணிக்கு முன்பே வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். அதே தெருவில் கார் வைத்திருப்பவர் 7 மணிக்குப் புறப்பட்டால் போதும். தூரம் என்று பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்-2 நெடுஞ்சாலை வழியாகக் காரில் சுமார் 35 கிலோமீட்டர். டாக்சியில், அதாவது ஆள் சேர்த்து ஏற்றும் மினிபஸ்ஸில், டவுன் என்று சொல்லும் நகர மையத்துக்குப் போய், வண்டி மாறும் இடமான வாரிக் சந்திப்பில் இறங்கி, வேறு டாக்சி பிடித்துப் போனால் சுமார் 37. இரண்டு கிலோமீட்டர் கூடுதலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் விலை.

1996-இல் வந்த தேசியப் போக்குவரத்துக் கொள்கை வெள்ளை அறிக்கை, வேலைக்குப் போய்வரும் பயணம் ஒரு வழிக்குச் சுமார் 40 கிலோமீட்டருக்குள் அல்லது ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கான செலவு கைக்கு வரும் வருமானத்தில் சுமார் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இலக்கு வைத்தது. நம் ஆள் கிலோமீட்டர் கணக்கில் தேறிவிடுகிறார். மணிக் கணக்கில் தேறவில்லை. தூரத்தை மட்டும் வைத்து நகரத்தை அளப்பவர்களின் கண்ணுக்கு இவர் படுவதே இல்லை. இந்த ஒரு பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் நேரம் போகிறது, ஏன் போகிறது, எதை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே இந்த ஆய்வு.

வீடு தெற்கே போனது, வேலை வடக்கே போனது

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது முதல் சுமார் நூறு ஆண்டுகள், டர்பன் தமிழர்களில் பெரும்பாலோருக்கு வேலையும் வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸ், சோம்ட்ஸ்யு சாலையை ஒட்டி, நகர மையத்திலிருந்து நடந்து போகும் தூரம். கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டவர்கள் விடியற்காலையில் சந்தைக்குச் சரக்கோடு போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் அதை முறித்தது. 1960-களில் கேட்டோ மேனரும் மேகசின் பேரக்ஸும் காலிசெய்யப்பட்டு, மக்கள் தெற்கே சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். யூனிட் 3, யூனிட் 5 என்று எண் போட்ட வீட்டுவரிசைகள். மேடும் பள்ளமுமான நிலம். வெளியே போக ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை விட்டால் வழிகள் குறைவு. பக்கத்து வெள்ளையர் பகுதிக்கும் கருப்பினத்தவர் குடியிருப்பான உம்லாசிக்கும் நடுவே ஒரு தடுப்பாக இந்த ஊரை வைத்தார்கள் என்பதால், அக்கம்பக்கத்தோடு சாலைத் தொடர்பு வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டது. அந்த வரைபடத்தின் விலையை இன்றைய தலைமுறை நிமிடக் கணக்கில் கட்டுகிறது.

வீடுகளை இடித்தார்கள், கேட்டோ மேனர், கிளேர்வுட் பக்கத்துப் பழைய கோயில்கள் சில அங்கேயே நின்றன. காவடிக்கும், புனித வெள்ளியன்று தீமிதிக்கும் சாட்ஸ்வொர்த் குடும்பங்கள் இன்றும் அங்கே திரும்பிப் போகின்றன. பண்டிகைப் பயணமும்கூடப் பழைய ஊரை நோக்கியேதான்.

ஆனாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நிலைமை தாங்கக்கூடியதாக இருந்தது. ஜேக்கப்ஸ், மோபெனி, கிளேர்வுட், பிராஸ்பெக்டன் தொழிற்சாலைகள் சாட்ஸ்வொர்த்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்தன. துணி, காலணித் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்ததும் அந்த வேலைகள் கரைந்தன. அதே சமயம் வடக்கே கரும்புக் காடுகள் மனைகளாயின. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரும்பு வெட்டிய மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கத்து நிலங்களில் அலுவலகங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. 2001-இல் கேட்வே மால் திறந்தது. டவுனில் இருந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றாக உம்ஷ்லாங்கா மேட்டுக்கும் லா லூசியா மேட்டுக்கும் குடிபெயர்ந்தன.

விமான நிலையத்தைப் பார்த்தால் இந்த நகர்வு பளிச்சென்று தெரியும். பழைய விமான நிலையம் தெற்கே, மெர்பேங்க்–இசிபிங்கோ பக்கத்தில், சாட்ஸ்வொர்த்துக்கு அண்டை வீடு போல இருந்தது. 2010 மே 1 அன்று அது மூடப்பட்டு, டவுனுக்கு 35 கிலோமீட்டர் வடக்கே லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தது. சரக்கு ஏற்றுவோர், துப்புரவுப் பணியாளர், காவலர் எல்லோருக்கும் வேலை ஒரே நாளில் நகரத்தின் மறுகோடிக்குப் போனது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வினி மாநகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 34 லட்சம், 2022-இல் சுமார் 42 லட்சம். கூட்டம் கூடியது ஒரு பக்கம். எந்தத் திசையில் கூடியது என்பதே பயண நேரத்தைத் தீர்மானிக்கிறது. வடக்கே ஃபீனிக்ஸைப் பாருங்கள். 1976-இலிருந்து நம்மவர்களைக் கொண்டுபோய் வைத்த இன்னோர் ஊர் அது; அன்று டவுனுக்கு அதுவும் தொலைவுதான். வேலைகள் வடக்கே நகர்ந்ததும் உம்ஷ்லாங்காவுக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. ஒரே சட்டத்தால் பெயர்க்கப்பட்ட இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு வளர்ச்சி வாசலுக்கு வந்தது, மற்றதற்கு முதுகைக் காட்டிப் போனது. இரண்டிலும் குடியிருப்பவர்கள் எதையும் மாற்றிச் செய்யவில்லை.

தடங்கள் ஏன் இன்னும் டவுனையே பார்க்கின்றன

சாட்ஸ்வொர்த் உருவான காலத்தில் பஸ் முதலாளிகளில் பலர் நம்மவர்கள். அவர்களுடைய வண்டிகள் விக்டோரியா தெருப் பக்கத்துக்கு ஓடின, ஏனென்றால் சந்தையும் கடையும் வேலையும் அங்கே இருந்தன. 1987-இன் போக்குவரத்து வெள்ளை அறிக்கையும் 1988-இன் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டமும் மினிபஸ் டாக்சிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டன. 16 இருக்கை வண்டிகள் சில ஆண்டுகளில் பஸ்ஸை ஓரம்கட்டின. பஸ் ஓடிய தடத்திலேயே டாக்சியும் ஓடியது. ஆள் அங்கேதானே நிற்கிறார்கள்.

பிறகு அந்தத் தடங்கள் இறுகிப்போயின. 2009-இன் தேசியத் தரைப் போக்குவரத்துச் சட்டப்படி இயக்க உரிமம் குறிப்பிட்ட தடத்துக்கே கிடைக்கும். தடத்தை டாக்சிச் சங்கம் காக்கிறது. ஒரு சங்கத்தின் வண்டி இன்னொரு சங்கத்தின் ரேங்கில், அதாவது டாக்சி நிலையத்தில், ஆள் ஏற்றினால் தகராறு, சில சமயம் துப்பாக்கிச் சூடு. சாட்ஸ்வொர்த் வண்டி உம்ஷ்லாங்காவில் மாலையில் ஆள் ஏற்ற வேண்டுமானால், அங்கே ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். நேரடித் தடம் போட வரைபடத்தில் ஒரு கோடு போதும், நடைமுறையில் இரண்டு சங்கமும் மாநில உரிம அலுவலகமும் மாநகராட்சியும் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

ரயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹேவன்சைட், பேவியூ, வெஸ்ட்கிளிஃப், சாட்ஸ்கிளன் வழியாகக் கிராஸ்மூர் வரை ஒரு தடம் உண்டு. அதுவும் டவுனுக்கே போகிறது. உம்ஷ்லாங்கா மேட்டில் ரயில் நிலையமே கிடையாது. 2020 ஊரடங்கின்போது நாடெங்கும் ரயில் பாதைகளில் கம்பியும் சமிக்ஞைப் பெட்டியும் களவுபோயின. 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் பாதைகளை அரித்துப் போட்டது. ஷிஃப்டுக்குப் போகிறவர் நம்பி ஏறுவதற்கு, கட்டணம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது.

மாநகராட்சியின் ‘கோ டர்பன்’ திட்டம் ஒன்பது வழித்தடங்களை வரைந்தது. அதில் பிரிட்ஜ் சிட்டியிலிருந்து உம்ஷ்லாங்கா போகும் சி-9, வடக்கு மக்களுக்கானது. பைன்டவுன்–பிரிட்ஜ் சிட்டி சி-3 தடத்தில் தனிப் பாதைகளும் நிலையங்களும் எழும்பியும், ஓடத் தொடங்கும் நாள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. டாக்சி உரிமையாளர்களுடன் பேச்சு முடியாமல் கான்கிரீட் மட்டும் முடிந்தால் இப்படித்தான் ஆகும்.

124 நிமிடக் கணக்கு

கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் தெருவுக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு இறங்க 8 நிமிடம். டாக்சிக்குக் காத்திருப்பு 5. டவுனுக்கு 20 கிலோமீட்டர், நெரிசல் நேரத்தில் மணிக்கு 27 கிலோமீட்டர் சராசரி என்றால் 45 நிமிடம். வாரிக்கில் இறங்கி அடுத்த ரேங்குக்கு நடக்க 10. அங்கே வரிசையில் 15. உம்ஷ்லாங்காவுக்கு 17 கிலோமீட்டர், மணிக்கு 30 என்றால் 34. இறங்கி வேலையிடம் வரை நடை 7. மொத்தம் 124.

காரில் போகிறவருக்கு என்-2-இல் 35 கிலோமீட்டர், நெரிசலையும் சேர்த்து மணிக்கு 45 என்றால் 47 நிமிடம். வண்டியை நிறுத்தி நடக்க 5. மொத்தம் 52.

இப்போது 124-ஐப் பிரியுங்கள். வண்டிக்குள் 79 நிமிடம். வண்டிக்கு வெளியே 45. போக்குவரத்துத் திட்டமிடுவோர் வழக்கமாக வெளியே நடக்கும், நிற்கும் நிமிடத்தை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைப் போல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். மழையிலும் இருட்டிலும் நிற்கும் ஒருவருக்கு அது இன்னும் அதிகம்தான். அப்படிப் பார்த்தால் உடம்பு உணரும் நேரம் 79 உடன் 90 சேர்த்து 169. காருக்கு 57. மூன்று மடங்கு. வேலை நேர்காணலுக்கு வந்த பிள்ளை ‘உம்ஷ்லாங்கா வேண்டாம் அக்கா’ என்று சொன்னால் சோம்பல் என்று எண்ண வேண்டாம். இந்தக் கணக்கை அவர் மனதிலேயே போட்டுவிட்டார்.

இரண்டு டாக்சியும் 20 சதவீதம் வேகமாக ஓடினால் என்ன கிடைக்கும்? 79 நிமிடம் 66 ஆகும், மிச்சம் 13. வண்டி மாற்றுவதை எடுத்துவிட்டால்? வாரிக் நடையும் வரிசையும் சேர்ந்து 25 நிமிடம் அப்படியே போய்விடும், அதோடு டவுன் தெருக்களின் ரோபோட் சிக்னல்களில் நிற்பதும் போகும். வேகத்தை விட மாற்றத்தைக் குறைப்பதில்தான் சாறு இருக்கிறது.

வாரிக்கில் அந்த 25 நிமிடம்

வாரிக் சந்திப்பை நாளொன்றுக்குச் சுமார் 4,60,000 பேர் கடக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய ரயில் நிலையம், பஸ் நிறுத்தங்கள், பல டாக்சி ரேங்குகள், ஒன்பது சந்தைகள் என எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மூலிகைச் சந்தை இருப்பதோ கட்டி முடிக்காமல் விட்ட ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலே. பழைய சாலைத் திட்டம் ஒன்றில் மிச்சம் நின்ற துண்டு அது. 1910-இல் திறந்த அதிகாலைச் சந்தை பக்கத்திலேயே. நடந்து கடப்பதற்குள் தள்ளுவண்டி, தலைச்சுமை, படிக்கட்டு, பாலம் என்று நிமிடங்கள் கழியும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டர்பனில் ஏழைக்குப் பிழைப்புக் கொடுக்கும் இடம் இது. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே போகிற ஆளுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. வண்டி மாறவே இறங்குகிறார்.

வரிசையை நெருங்கிப் பாருங்கள். முன்னால் ஒரு மார்ஷல், கையில் அட்டை. வண்டி வந்து நின்றதும் பின்வரிசைக்கு நான்கு பேர் குனிந்து ஏறுகிறார்கள்; பிறகு நடு வரிசைகள்; வழியை அடைக்கும் மடக்கு இருக்கைகள் கடைசியில். 15 பேர் நிறைந்தால் கதவு சாத்தப்படும், ஒருவர் குறைந்தாலும் நிற்கும். கிளம்பியதும் பின்னால் இருந்து காசு தோளுக்குத் தோள் முன்னால் வருகிறது. ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தவர் கணக்குப் பார்த்துச் சில்லறையை வரிசைவாரியாகப் பின்னால் அனுப்புகிறார். வழியில் பின்வரிசை ஆள் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் இரண்டு மூன்று பேர் இறங்கி ஏறியாக வேண்டும். ஒரு நிறுத்தத்துக்கு 40 விநாடி, வழியில் 12 நிறுத்தம் என்றால் 8 நிமிடம் அங்கேயே போகிறது.

நிறைந்தால்தான் கிளம்பும் என்ற விதி நெரிசல் நேரத்தில் நல்ல விதி. நிமிடத்துக்கு 3 பேர் வந்தால் 15 இருக்கை 5 நிமிடத்தில் நிறையும். அதே விதி காலை 10 மணிக்கு முள்ளாகிறது: இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் நிறைய 30 நிமிடம். மதியம் ஷிஃப்டுக்குப் போகும் கடைப் பணியாளர், கிளினிக்குக்குப் போகும் பாட்டி, ஞாயிறு வேலைக்காரர் எல்லோரும் இந்த 30 நிமிடத்தில் மாட்டுகிறவர்கள்.

நெரிசல் நேரத்தில் வேறொரு கோளாறு உண்டு. ஆள் நிமிடத்துக்கு 3 பேர் வந்து, வண்டி 7 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், ஏறுவது நிமிடத்துக்கு 2.14 பேர்தான். அரை மணி நேரத்தில் வரிசையில் 26 பேர் சேர்வார்கள். அப்போது வந்து நிற்பவர் 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். வண்டிகள் ஏன் 7 நிமிடத்துக்கு ஒன்றாகின்றன? உம்ஷ்லாங்கா போன வண்டி அதே நெரிசலில் திரும்பி வந்தாக வேண்டும். வடக்கே வேலை கூடக் கூட அந்தச் சாலை நிறைகிறது, வண்டியின் சுற்று நேரம் நீள்கிறது, அதே வண்டிகள் மணிக்குக் குறைவான நடைகள் போகின்றன. வரிசை நீள்வது ஆள் கூடியதால் மட்டும் அல்ல.

சராசரி ஏமாற்றும்

124 என்பது சராசரி நாள். மாதக் கடைசி வெள்ளி, மழை நாள், பள்ளி திறக்கும் வாரம், என்-3-இல் லாரி கவிழ்ந்த நாள் இவற்றில் 155 ஆகலாம். மாதம் ஒரு நாள் தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம் வரும் இடத்தில் வேலை பார்ப்பவர் சராசரியை நம்பிப் புறப்பட முடியாது. மோசமான நாளை நம்பித்தான் புறப்பட வேண்டும். ஆகவே தினமும் 30 நிமிடம் முன்னதாகவே வந்து, மால் கதவு திறக்கும் முன் வெளியே நிற்கிறார். இந்த 30 நிமிடம் எந்த ஆய்வுப் படிவத்திலும் பயண நேரமாகப் பதிவாவதில்லை. தேசிய வீட்டுப் பயணக் கணக்கெடுப்பு 2003, 2013, 2020 ஆண்டுகளில் நடந்தது. நடை, காத்திருப்பு, வண்டி நேரம் என்று அது கேட்டது நல்ல விஷயம். எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள், எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஒளிந்த நேரம் வெளியே வரும்.

மக்கள் கண்ட வழிகள்

முதல் வழி கார். வாங்க முடிந்தவர் வாங்கிவிடுகிறார், தவணையிலாவது. 72 நிமிடம் ஒரு வழிக்கு மிச்சம் என்னும்போது அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் போனதும் டாக்சி வரிசையில் ஓர் ஆள் குறைகிறார், என்-2-இல் ஒரு வண்டி கூடுகிறது. ஆள் குறைந்தால் கூட்டம் இல்லாத நேரத்தில் டாக்சி நிறைய இன்னும் தாமதமாகும், வண்டி கூடினால் சாலை நெரியும்.

இரண்டாவது லிஃப்ட் கிளப். சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ் பக்கத்தில் இது ஊறிப்போன வழக்கம். சட்டத்திலும் இதற்கு இடமுண்டு: உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு முறை தங்கள் காரில் மற்றவர்களை ஏற்றிப் போவதற்கு இயக்க உரிமம் தேவையில்லை. ஒரே ஆள் தினமும் ஓட்டி மற்றவர்களிடம் மாதக் காசு வாங்கினால் அது லிஃப்ட் கிளப் என்ற விளக்கத்தை விட்டு நழுவிவிடும். வழியில் மடக்கினால் வண்டி பறிமுதலாகலாம், விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். காசு வாங்குகிறவர்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘கூலிக்கு ஏற்றுதல்’ பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே படித்துப் பார்க்க வேண்டும். லிஃப்ட் கிளப் உடைவது பெரும்பாலும் ஷிஃப்டால்: நான்கு பேரில் ஒருவருக்கு நேரம் மாறினால் மாலைப் பயணம் கலைந்துவிடும்.

மூன்றாவது வீடு மாறுவது. மவுண்ட் எட்ஜ்கம்ப், ஃபீனிக்ஸ் பக்கம் வாடகைக்குப் போகலாம். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சாட்ஸ்வொர்த்தில், பள்ளிக்கூடம் அங்கே, கோயில் அங்கே. பயணத்தில் மிச்சமாகும் ஒன்றரை மணியைப் பிள்ளையை விட்டுவரும் பயணம் விழுங்கிவிடும்.

செலவுக் கணக்கையும் ஒரு வரியில் போட்டுவிடலாம். 2025 மார்ச்சில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. 8 மணி நேரத்துக்கு 230 ராண்ட். வெள்ளை அறிக்கையின் 10 சதவீதம் என்றால் 23 ராண்ட். ஒரு வழிக்குப் பதினொன்றரை, அதுவும் இரண்டு டாக்சிக்கும் சேர்த்து. அந்தக் காசுக்கு முதல் டாக்சியில் டவுனுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது.

சாலையை அகலப்படுத்தினால் தீருமா? 2018-வாக்கில் முடிந்த மவுண்ட் எட்ஜ்கம்ப் மேம்பாலச் சந்திப்பும், இ.பி. க்ளூட்டி சந்திப்பில் நடக்கும் விரிவாக்கமும் காருக்கு நேரம் மிச்சம் பிடிக்கும். டவுன் வழியே போகும் டாக்சிப் பயணிக்கு அதில் ஒரு நிமிடமும் கிடைக்காது. அவர் அந்தச் சாலையில் போகவே இல்லையே. விரிந்த சாலையில் நேரடி வண்டி ஒன்றை ஓட்டினால்தான் அந்தச் செலவில் அவருக்கும் பங்கு.

நேரடி வண்டி: எப்படி, எங்கே உடையும்

கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்து நடக்க 8, நேரம் தெரிந்த வண்டிக்குக் காத்திருப்பு 8, யூனிட்டுகளைச் சுற்றி ஆள் ஏற்ற 10, என்-2-இல் 47, இறங்கி நடை 7. மொத்தம் 80. இன்னமும் ஒரு மணி நேரத்துக்கு மேல்தான். இருந்தாலும் 44 நிமிடம் மிச்சம், போக வர ஏறக்குறைய ஒன்றரை மணி.

ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகுமா என்பதே முதல் கேள்வி. வண்டி டவுனுக்குப் போய்வரும் ஒரு நடை 40 கிலோமீட்டர், உம்ஷ்லாங்காவுக்கு நேரடியாகப் போய்வரும் நடை 70. ஆகவே ஒற்றை டவுன் கட்டணத்தில் ஓட்ட முடியாது. ஆனால் பயணி இப்போதே இரண்டு கட்டணம் கொடுக்கிறார். அந்த இரண்டின் கூட்டுத்தொகையை ஒரே வண்டிக்குக் கொடுத்தால், ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் சரியாகிவிடும். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. டவுன் நடையில் ஒரே இருக்கையை வழியில் இரண்டு முறை விற்கலாம். என்-2-இல் ஒரே முறைதான். நேரமும் இறுக்கம்: 5:30-க்கு முதல் நடை, ஏற்ற 10, ஓட 47, வெறும் வண்டியாகத் திரும்ப 35 என்றால் இரண்டாவது நடை 7:02-க்குக் கிளம்பி 7:59-க்குச் சேரும். இறங்கி நடக்கும் 7 நிமிடத்தையும் சேர்த்தால் 8:06, 8 மணி ஷிஃப்டுக்கு ஏற்கெனவே தாமதம். முதல் நடையில் எங்காவது 5 நிமிடம் தடங்கினால் இரண்டாவது நடையில் வந்த 15 பேருக்கும் அதுவும் சேரும். எனவே இரண்டாவது நடையை 8:30, 9 மணி ஷிஃப்டுகளுக்கு வைக்க வேண்டும், 8 மணிக்காரர்களுக்குத் தனி வண்டி.

நிறைந்தால் கிளம்பும் விதியை இங்கே கைவிட்டே ஆக வேண்டும். 35 கிலோமீட்டர் போகிறவர் கிளம்பும் நேரம் தெரியாமல் வரமாட்டார். நேரத்துக்குக் கிளம்பினால் 15-இல் 10 இருக்கை நிறையும் நாட்களும் வரும். அந்த மூன்றில் ஒரு பங்கு நஷ்டம் யார் தலையில் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். மாத முன்பணச் சீட்டு ஒரு வழி. வேலை கொடுப்பவர் காலி இருக்கைக்கு ஈடு தருவது இன்னொன்று. ஊழியர் நேரத்துக்கு வருவது அவருக்கும் லாபம்தான்.

மாலையே இந்த ஏற்பாட்டை உடைக்கும். காலையில் ஒன்றாக வந்த 15 பேர் மாலையில் மூன்று கூட்டமாகப் பிரிகிறார்கள்: அலுவலகம் 5 மணிக்கு, கடை அதற்குப் பிறகு, உணவகம் இரவில். காலைக்கு ஒரு வண்டி போதும், மாலைக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டாவது அரைகுறையாகத்தான் நிறையும். இதைக் கணக்கில் எடுக்காமல் காலை ஆள் எண்ணிக்கையை மட்டும் காட்டித் தொடங்கினால் சில வாரங்களில் பயணிகள் பழைய டாக்சிக்கே திரும்பிவிடுவார்கள். திரும்பி வர வண்டி உறுதியில்லை என்றால் காலை வண்டியில் ஏற மாட்டார்கள். இரவில் கடைசி டாக்சியைத் தவறவிட்டவர் 35 கிலோமீட்டருக்கு ஆப் வண்டி பிடித்தால் அன்றைய கூலியின் பெரும்பகுதி போய்விடும். பெண்களுக்கு அந்த இரவுக் காத்திருப்பே வேலையை விடக் காரணமாகிறது.

தொடங்கும் முன் அளக்க வேண்டும். மன்றமோ கோயில் இளைஞர் அணியோ செய்யக்கூடிய வேலைதான் இது. உம்ஷ்லாங்கா போகும் 30 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவரும் கைபேசியில் ஏழு நேரங்களைக் குறிக்கட்டும்: வீட்டை விட்டது, டாக்சி ஏறியது, வாரிக்கில் இறங்கியது, அடுத்த வரிசையில் நின்றது, ஏறியது, இறங்கியது, வேலை இடத்தில் கையெழுத்திட்டது. திரும்பும் பயணத்துக்கும் அப்படியே. பத்து வேலை நாட்கள் போதும். பள்ளி விடுமுறையைத் தவிருங்கள், ஒரு மாதக் கடைசி வெள்ளி உள்ளே வரட்டும். ஏறும் தெருவையும் ஷிஃப்ட் நேரத்தையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். ஒரு தெருவைச் சுற்றி 10 நிமிட நடைக்குள், ஒரே அரை மணி ஷிஃப்டில் 12 பேர் கிடைத்தால் காலை வண்டிக்கு ஆள் இருக்கிறது. அந்த 12 பேரில் குறைந்தது 7 பேராவது மாலையில் ஒரே நேரத்தில் விடுபடுகிறார்களா என்று அடுத்ததாகப் பாருங்கள்.

அந்தத் தாளோடு முதலில் போக வேண்டிய இடம் சாட்ஸ்வொர்த் டாக்சிச் சங்கம். மாநகராட்சிக்கு முதலில் போனால், தங்கள் தடத்தைப் பறிக்க வருகிறார்கள் என்று சங்கம் எண்ணிவிடும். தடம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். உம்ஷ்லாங்காப் பக்கத்துச் சங்கத்துக்கு மாலை நடைகளில் பாதி. மூன்று மாதச் சோதனை ஓட்டம், வாரம் ஒரு முறை ஆள் எண்ணிக்கையும் தாமதமும் எழுதி இரு பக்கமும் கையெழுத்து. உரிமத் திருத்தத்துக்கு மாநில அலுவலகம் எடுக்கும் காலத்தையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் மாற்றுத் தடமாக என்-2 வழியை வரைபடத்தோடும், இறக்கும் இடங்களைத் தெருப் பெயரோடும் எழுதுங்கள். அவை விடுபட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், சோதனைக்கு வைத்த மாதங்கள் அதிலேயே போய்விடும்.